எங்கள் வீட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடம்

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. திருவண்ணாமலையில் கிரிவலம் வந்திருக்கும் சகோதரிகளுக்கு இந்த இடம் ஞாபகம் இருக்கும். 14 கிலோ மீட்டர் சுற்றில் பாதிக்கு மேல் நடந்து, வருண லிங்கத்தையும் தாண்டி, ‘சற்றே உட்கார்ந்துவிட்டுப் போகலாமே’ என்று கால் கெஞ்சும் இடம். ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் இங்கேதான் இருக்கிறது. ஊர் மலைக்கு மேற்கே இருப்பதால் எங்களுக்குச் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்துதான் வருவான். டவுனில் வெயில் ஏறிய பிறகுதான் எங்கள் வாசலில் வெளிச்சம்.

கிரிவலப் பாதையில் என் வீட்டுக்காரர் டீக்கடை வைத்திருக்கிறார். மாதத்தில் மற்ற நாளெல்லாம் ஓடுவதும், பௌர்ணமி ஒரு ராத்திரி ஓடுவதும் எங்களுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். வயது நாற்பத்தைந்து. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து, எத்தனையோ வேண்டுதலுக்குப் பிறகு 2014-ல் பெரியவள் பிறந்தாள். மூன்று வருஷத்தில் சின்னவன்.

போன மாதம் என் ஓரகத்தியின் மகள் போன் செய்தாள். “பெரியம்மா, பையனை ஸ்கூல்ல சேர்க்காம நானே வீட்ல சொல்லிக் கொடுக்கலாம்னு இருக்கேன். நீங்க செஞ்சீங்களே, எப்படி ஆரம்பிச்சீங்க?” என்று கேட்டாள். அன்றைக்குச் சுருக்கமாக ஏதோ சொன்னேன். போனில் சொல்ல வாய் வராத ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. அதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவளைப் போல யோசிக்கும் இளம் தாய்மார்களுக்கும் பிரயோஜனப்படலாம்.

நாங்கள் கொள்கைக்காக ஆரம்பிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பள்ளிகள் மூடின. கிரிவலத்துக்கும் தடை. இரண்டு வருஷம் பௌர்ணமிகள் வந்து வந்து போயின, பாதையில் ஆள் நடமாட்டம் இல்லை. கடையில் பாய்லரைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டு, இவர் டி.வி.எஸ். வண்டியில் காய்கறி கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்கப் போனார். பெரியவள் அப்போது டவுனில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். ஜூன் மாதம், இரண்டாம் வகுப்புக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். பாடமெல்லாம் போனில்தான் என்றார்கள். வீட்டில் இருந்ததோ ஒரே போன்; அதுவும் இவரோடு காய்கறி விற்கப் போய்விடும்.

அந்தப் பள்ளியில் அவளைப் பற்றி ஏற்கெனவே ஒரு புகார் உண்டு. ‘போர்டைப் பார்த்து எழுதுவதில்லை, கவனம் இல்லை’ என்று டயரியில் எழுதி அனுப்புவார்கள். வருஷம் பூராவும் பணம் கட்டியும் பிள்ளைக்கு நாலு வார்த்தை கோவையாகப் படிக்கத் தெரியவில்லை. அதனால் ஒரு ராத்திரி நானே சொன்னேன்: “ஏங்க, நிலைமை சரியாகிற வரைக்கும் நானே ரெண்டு பேருக்கும் சொல்லிக் கொடுக்கறேன்.” இவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் மாமியார்தான் சொன்னார்: “புள்ளைங்கள வூட்ல வச்சிக்கினு இன்னா பண்ணப் போற? நீ இன்னா டீச்சரா?”

அந்தக் கேள்வி என்னைச் சுட்டுவிட்டது. நான் டீச்சர்தான் என்று நிரூபிக்கக் கிளம்பினேன்.

மணியடித்து ஆரம்பித்தேன்

கூடத்துச் சுவரில் நாலடிக்கு மூன்றடி கறுப்பு பெயின்ட் அடித்தேன். எதிர்ச் சுவர் ஓரம் பாய் விரித்து, பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் டைம் டேபிள். ஒன்பதரைக்குத் தமிழ், பத்தேகாலுக்குக் கணக்கு, பதினொன்றுக்கு இங்கிலீஷ். பூஜை மணியை எடுத்து அடிப்பேன். ‘உள்ளே வரலாமா மிஸ்?’ என்று கேட்டுத்தான் வர வேண்டும். இப்போது எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது அவ்வளவு சிரத்தையாகச் செய்தேன்.

ஒன்பதரைக்கு மணி அடிக்க வேண்டுமென்றால் என் பாடு என்ன என்பது சமையல்கட்டில் நிற்கும் உங்களுக்குத் தெரியும். நாலரைக்கு எழுந்து, மாட்டைப் பிடித்துக் கட்டி, பால் கறந்து, தண்ணீர் பிடித்து, இவருக்குக் கட்டிக் கொடுத்து, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து போர்டு முன்னால் நிற்கும்போது எனக்கே பசி மயக்கம். அந்த மூடில் ஒரு பிள்ளை ‘க’வைப் பார்த்து ‘த’ என்று எழுதினால் எப்படி இருக்கும்?

பெரியவள் அப்படித்தான் எழுதினாள். போர்டில் ‘கடை’ என்று எழுதி ‘இதைப் பார்த்து எழுது’ என்றால், போர்டைப் பார்க்க மாட்டாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள். பிறகு எதையோ எழுதுவாள். “போர்டுல இருக்கு, என் மூஞ்சில என்ன இருக்கு?” என்று கத்துவேன். ஒரு நாள், இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் ஸ்கேலால் கையில் அடித்தேன். அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. பத்து வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை. டயரியில் எழுதியிருந்தார்களே, ‘கவனம் இல்லை’ என்று, அந்த வார்த்தை என் மண்டைக்குள்ளேயே இருந்தது. நான் அதைத் திருத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் அவள் ராத்திரி படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். மூன்று வயதிலேயே நின்றுபோன பழக்கம். பூச்சி இருக்கும் என்று மாமியார் வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தார். ஒரு நாள் மாட்டுக்குத் தவிடு அள்ளப் பானைக்குள் கையை விட்டேன். கையில் சிலேட்டு தட்டுப்பட்டது. அடியில் சாக்பீஸ் டப்பா, ஸ்கேல் எல்லாம் இருந்தன. அவள் ஒளித்து வைத்திருக்கிறாள். எடுத்து அப்படியே திரும்பத் தவிட்டுக்குள் புதைத்துவிட்டேன். தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

எங்கள் பக்கம் கிரிவலப் பாதை நெடுகிலும் வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் வீடு எடுத்துத் தங்குவார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமலே வளர்க்கும் குடும்பங்களும் அவர்களில் உண்டு. டவுனை ஒட்டிய கானத்தம்பூண்டியில் 2009 முதல் மருதம் பண்ணைப் பள்ளி என்று ஒன்று நடக்கிறது. பிள்ளைகள் மண்ணோடும் மரத்தோடும் படிக்கிற இடம். அதனால் ‘பள்ளிக்கூடம் என்றால் இப்படித்தான்’ என்ற கட்டாயம் இங்கே கொஞ்சம் தளர்ந்தே இருக்கும். எங்கள் தெருவில் குடியிருந்த பெங்களூர் அம்மாள் ஒருவர் பால் வாங்க வருவார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் பள்ளி வாசலையே மிதித்ததில்லை. அன்றைக்கு அவரிடம் அழுதுவிட்டேன்.

அவர் சொன்னது இதுதான்: “அக்கா, ஒரு மாசத்துக்கு ஒண்ணுமே சொல்லிக் கொடுக்காதீங்க. வீட்டை மறுபடியும் வீடா ஆக்குங்க.” ஜான் ஹோல்ட் என்று அமெரிக்காவில் ஒரு வாத்தியார் இருந்தாராம். குழந்தைகள் பள்ளியில் ஏன் தோற்கிறார்கள் என்று வகுப்பில் உட்கார்ந்து கவனித்து 1964-ல் ஒரு புத்தகம் எழுதினார். பிறகு 1977-ல், வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோருக்காகப் பத்திரிகையே நடத்தினார். பயந்த குழந்தை பாடத்தைப் பார்க்காது, டீச்சர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் தேடும் என்று அவர் கண்டு எழுதியதாக அந்த அம்மாள் சொன்னார். எனக்கு ‘சுருக்’கென்றது. என் பிள்ளை என் முகத்தைப் பார்த்ததற்கு அதுதான் காரணம் என்று நம்பினேன். பாதிக் காரணம்தான் அது என்பது பிறகுதான் தெரிந்தது.

மணலும் ஆழாக்கும்

ஒரு மாதம் சும்மா இருந்தோம். சும்மா என்றால் எனக்கு வேலை குறையவில்லை; மணி மட்டும் அடிக்கவில்லை. பிள்ளைகள் என் கூடவே சுற்றின. மொச்சை உரித்தன, சாணி தட்டின, கறிவேப்பிலை உருவின. சிறு குழந்தைக்குப் பென்சில் பிடிக்கும் முன்னால் விரலில் பலம் வேண்டும். அதற்கு மொச்சை உரிப்பதும் சப்பாத்தி மாவு உருட்டுவதும் போதும் என்பதைச் சின்னவனிடம் கண்டேன்.

மறுபடி எழுத்தை ஆரம்பித்தது என் மாமியார் சொன்ன யோசனையால்தான். அவருக்கு எழுத்து தெரியாது, கைநாட்டுதான். ஆனால் அவருடைய அப்பா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதிப் படித்தவராம். “தப்பா எழுதினா தடவி வுட்ருவாங்களாம். அழிக்கிறதுக்கு எச்சி வேணாம், துணி வேணாம்” என்றார். முறத்தில் சலித்த ஆற்று மணலைக் கொட்டித் திண்ணையில் வைத்தோம்.

இந்த மணல் எழுத்து லேசுப்பட்டது இல்லை. 1789 வாக்கில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னை எழும்பூரில் அனாதைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைக் கவனித்து வந்தார். நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, அதைத் தன் பள்ளியிலும் கொண்டு வந்தார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித் தரும் வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டு, 1797-ல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். அதற்கு ‘மதராஸ் முறை’ என்றே பெயர் வந்தது. ஸ்காட்லாந்தில் அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் மதராஸ் காலேஜ் என்று இன்றைக்கும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. நம் திண்ணையிலிருந்து போனதுதான்!

எழுத்தையும் ‘அ’விலிருந்து ஆரம்பிக்கவில்லை. ‘அ’வைச் சுழித்துப் போட ஒரு குழந்தை படும் பாட்டைப் பார்த்திருப்பீர்கள். நான் ‘ட’வில் ஆரம்பித்தேன். இரண்டே கோடு. அடுத்தது ‘ப’, மூன்று கோடு. பிறகு ‘ம’. இந்த மூன்றும் புள்ளியும் தெரிந்துவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று நாலு வார்த்தை படித்துவிடலாம். 247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் வார்த்தை என்று இருந்தால் எந்தக் குழந்தைக்கும் சலித்துப் போகும். மூன்றாம் நாளே பெரியவள் ‘பட்டம்’ என்று தானாகப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். இந்த முறை பயந்து பார்க்கவில்லை.

கணக்குக்குக் கோலம். இடுக்குப் புள்ளியில் நடுவே ஐந்து வைத்து, இரண்டு பக்கமும் நாலு, மூன்று என்று குறைத்தால் மொத்தம் எத்தனை? அவள் புள்ளியைத் தொட்டுத் தொட்டு எண்ணிப் பத்தொன்பது என்றாள். ஒரு வாரம் கழித்து, “ஐந்து தனி, நாலும் நாலும் எட்டு, மூணும் மூணும் ஆறு” என்று கூட்டிச் சொன்னாள். பெருக்கலுக்குப் பல்லாங்குழி. பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை என்றால் எழுபது. மாமியார் இதில் மகா கெட்டிக்காரர். பேரன் என்றும் பார்க்காமல் அத்தனையையும் வழித்துக்கொள்வார்.

பின்னம் சொல்லித் தந்தது பரண்மேல் கிடந்த பித்தளைப் படிகள். ஒரு படிக்கு இரண்டு உரி, ஒரு உரிக்கு இரண்டு உழக்கு, ஒரு உழக்குக்கு இரண்டு ஆழாக்கு. அரை, கால், அரைக்கால் எல்லாம் கையில் பிடித்துப் பார்க்கிற சாமான்களாகிவிட்டன. அரிசியை அளந்து கொட்டிக் கொட்டி, ‘ரெண்டு கால் சேர்ந்தா அரை’ என்பதை நான் சொல்லாமலே பிடித்துக்கொண்டாள். திசைகளுக்கு எங்கள் ஊரை விட்டால் வேறு ஊர் கிடையாது. கிழக்கே இந்திர லிங்கம், தென்கிழக்கே அக்னி, தெற்கே எமன், தென்மேற்கே நிருதி, மேற்கே வருணன், வடமேற்கே வாயு, வடக்கே குபேரன், வடகிழக்கே ஈசான்யம். எட்டுத் திசையும் மலையைச் சுற்றி நிற்கின்றன. சின்னவன் மூன்றரை வயதில், “தண்ணித் தொட்டி வாயு லிங்கம் பக்கம் இருக்கு” என்று வழி சொல்வான்.

பேரனும் பேத்தியும் சேர்ந்து மாமியாருக்கும் எழுத்து சொல்லித் தரப் பார்த்தார்கள். ட, ப, ம மூன்றும் போட்டார். அதற்கு மேல், “எனக்கு இது போதும், போங்கடா” என்று வெற்றிலையை மடித்துக்கொண்டார். அவரை ஸ்கேலால் அடிக்க ஆளில்லையே!

வேலை நேரத்தையும் சொல்ல வேண்டும். தினம் காலையில் முக்கால் மணி, சாயங்காலம் விளக்கு வைத்தபின் அரை மணி கதை. அவ்வளவுதான் உட்கார்ந்து படித்தது. மீதியெல்லாம் நடமாட்டத்தில்தான். வாரத்தில் ஒரு நாள் எதுவுமே நடக்காது. மாடு கன்று போட்ட அன்றைக்கும், எனக்குத் தலைவலி வந்த அன்றைக்கும் விடுமுறைதான். சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சண்டை போட்டுக்கொண்டு, அடுப்பில் பாலும் பொங்கும்போது, ‘பள்ளிக்கூடம் திறந்தால் தேவலையே’ என்று வேண்டிக்கொண்ட நாட்களும் உண்டு.

இப்படியாக தீபாவளிக்குள் பெரியவள் சிறு சிறு கதைகளைத் தானே படித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மணலும் மொச்சையும்தான் ஜெயித்தன என்று பெங்களூர் அம்மாளிடம் சொன்னேன்.

தீபம் எவ்வளவு பெரிசு?

அந்த வருஷம் கார்த்திகை தீபம் நவம்பர் 29. வெளியூர் ஜனங்களுக்கு அனுமதி இல்லை. 2,668 அடி உயர மலையின் உச்சியில் தீபம் மட்டும் வழக்கம்போல் ஏற்றினார்கள். பதினோரு நாள் எரியும். மூன்றாம் நாள் ராத்திரி சாப்பாடு முடித்து மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம்.

சின்னவன் சொன்னான்: “அம்மா, தீபம் சின்னப் பொட்டு மாதிரி இருக்கு.”

பெரியவள் உடனே, “பொட்டு இல்லடா. எவ்ளோ பெரிசு! நிலா மாதிரி இருக்கே” என்றாள்.

முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். “பாப்பா, சரியாப் பாரு” என்றேன். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். “இப்ப சின்னதாவுது. விட்டா மறுபடி பெரிசாவுது. ஓரமெல்லாம் பஞ்சு மாதிரி இருக்கு” என்றாள். இவர் அவளைத் திருப்பி, தெருக்கோடி விளக்குக் கம்பத்தைக் காட்டினார். அதுவும் அவளுக்குப் பெரிய பஞ்சு உருண்டைதான்.

எனக்கு அடி வயிற்றில் என்னவோ செய்தது. டயரியில் எழுதியிருந்தது, போர்டு, சுருக்கின கண், என் முகம், ஸ்கேல், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அவளுக்குப் போர்டே தெரியவில்லை. எதிர்ச் சுவரில் உட்கார வைத்து, தெரியாத எழுத்தை எழுதச் சொல்லி, எழுதவில்லை என்று அடித்திருக்கிறேன். அந்த முறத்து மணல் மடியருகே இருந்ததால் அவளுக்குத் தெரிந்தது. கிட்டத்தில் எல்லாம் நன்றாகத் தெரிந்ததால், என் புது முறையே அந்தக் குறையை மூடி மறைத்துவிட்டது. நானோ மணலுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தேன்! கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடும்போது அவள் பெட்டிக்கு ஓரடி தூரத்தில் போய் நிற்பாள். ‘கிட்டப் போய்ப் பார்த்தா கண்ணு கெட்டுடும்’ என்று இழுத்து விடுவேன். கண் சரியில்லாததால்தான் கிட்டப் போகிறாள் என்று யோசிக்கத் தோன்றவில்லை. இருபத்துநாலு மணி நேரமும் கூடவே வைத்திருந்தும் எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று அன்று ராத்திரி தூங்கவில்லை.

அரசு மருத்துவமனையில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, பாப்பாவை விரித்து, சோதித்தார்கள். இரண்டு கண்ணிலும் மைனஸ் இரண்டேகால். கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தாள். “அம்மா, மரத்துல இலை தனித்தனியா இருக்கு” என்றாள். அவள் அதுவரை மரத்தைப் பச்சையாகத்தான் பார்த்திருக்கிறாள். கூடத்தில் அந்தக் கறுப்புச் சுவரை அன்றைக்கே வெள்ளையடிக்கச் சொன்னேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல மிஸ்” என்றாள். அந்த ‘மிஸ்’ வேண்டுமென்றே சொன்னதா, வாய் தவறி வந்ததா, இன்றைக்கும் தெரியவில்லை.

இதனால் வீட்டில் படிக்க வைக்க நினைக்கும் தாய்மார்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன். பள்ளிக்கூடம் பாடம் மட்டும் சொல்லித் தருவதில்லை. நமக்குத் தெரியாமலே சில காரியங்கள் அங்கே நடக்கின்றன. நம் மாநிலத்தில் பள்ளிகளுக்கே வந்து கண் பரிசோதித்து இலவசமாகக் கண்ணாடி கொடுக்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. குடற்புழு நீக்க மாத்திரையை வருஷத்தில் இரண்டு தடவை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கிறார்கள். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட வேண்டிய தடுப்பூசி இருக்கிறது. பள்ளியில் இருந்தால் அவர்களே வந்து போட்டுவிடுவார்கள். ஐந்தாறு வயதில் போட வேண்டிய முத்தடுப்பு ஊசியையும் வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு நாமேதான் ஞாபகம் வைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போக வேண்டும்.

கண்ணுக்கு வீட்டிலேயே ஒரு சின்னப் பரீட்சை வைக்கலாம். தினசரி காலண்டரைச் சுவரில் மாட்டி, நமக்குத் தேதி தெளிவாகத் தெரியும் தூரத்தில் பிள்ளையை நிறுத்துங்கள். ஒரு கண்ணைக் கையால் மூடி மறு கண்ணால் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மாற்றி மூடச் சொல்லுங்கள். எழுத்து தெரியாத பிள்ளை என்றால் எத்தனை விரல் காட்டுகிறேன் என்று கேளுங்கள். ஒரு கண் சரியாக இருந்து மறு கண் மங்கலாக இருந்தால் குழந்தை சொல்லவே சொல்லாது, அதற்கே தெரியாது. இது டாக்டர் பரிசோதனைக்கு ஈடாகாது. சந்தேகம் வந்தால் கூட்டிப் போவதற்கு ஒரு வழி, அவ்வளவே. கண்ணை இடுக்குவது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது, அடிக்கடி தலைவலி, புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போவது எல்லாம் கவனிக்க வேண்டியவை. பிள்ளைகளை வெயில் வெளிச்சத்தில் விளையாட விடுவதும் கண்ணுக்கு நல்லது. தைவான் நாட்டில் கிட்டப்பார்வை ஜாஸ்தியாகிப் போனதால், 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினம் இரண்டு மணி நேரம் வெளியில் விடச் சொல்லித் திட்டமே போட்டார்கள், பலனும் தெரிந்தது. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இந்த ஒரு சௌகரியம் உண்டு. திண்ணையும் வாசலும் தோட்டமும்தான் அதற்கு வகுப்பு.

ஓரகத்தி மகள் கேட்ட இன்னொரு கேள்வி, ‘போலீஸ், கேஸ் என்று வருமா?’ என்பது. 2009-ல் வந்து 2010 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தில் 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று இருக்கிறது. வீட்டுப் படிப்பைப் பற்றித் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. பெற்றோருக்குத் தண்டனையும் அதில் போடவில்லை. பிள்ளை நடுவில் எப்போது வந்தாலும் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். பள்ளிக்கே போகாமல் பத்தாவது எழுத வேண்டுமென்றால் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது ஆனால் எழுதலாம். இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் பயம் குறையும்.

2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ ஆரம்பித்தார்கள். தெருவிலேயே சாயங்காலம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பாடம். தன்னார்வலராகப் பெயர் கொடுக்க நானும் ஆசைப்பட்டேன். பிளஸ் டூ படித்திருக்க வேண்டும் என்றார்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எங்கள் தெருப் பெண் ஒருத்திக்குக் கிடைத்தது. அவள் என்னிடம் வந்து முறத்தையும் மணலையும் வாங்கிக்கொண்டு போனாள். என் இரண்டு பிள்ளைகளும் அங்கே போனார்கள். அங்கேதான் பெரியவளுக்குச் சிநேகிதிகள் கிடைத்தார்கள். ஏழெட்டுப் பெண்கள் கூடிப் பாண்டி ஆடுவதை நான் ஒருத்தி வீட்டில் உண்டாக்கித் தர முடியாதல்லவா?

2022 ஜூனில் அவளே கேட்டாள், “அம்மா, நானும் அவங்க கூட ஸ்கூலுக்குப் போறேன்” என்று. அரசுப் பள்ளியில் நாலாம் வகுப்பில் சேர்த்தோம். வயதைப் பார்த்தார்கள், ஒரு பக்கம் படிக்கச் சொன்னார்கள், சேர்த்துக்கொண்டார்கள். கண்ணாடியை நான் சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் அவளே டீச்சரிடம், “மிஸ், எனக்கு முன்னாடி இடம் வேணும்” என்று கேட்டாளாம். சின்னவன் இன்னும் ஒரு வருஷம் என்னோடு திண்ணையில் இருந்துவிட்டு ஒன்றாம் வகுப்புக்குப் போனான். சேர்க்கும் முன்னால் காலண்டர் பரீட்சை, ஆஸ்பத்திரிப் பரீட்சை இரண்டும் நடத்திவிட்டேன். அவன் கண் நன்றாக இருக்கிறது, குறும்பும் நன்றாக இருக்கிறது.

பெரியவள் இப்போது என் தோளுக்கு வந்துவிட்டாள். வருஷா வருஷம் கார்த்திகைக்கு மாடியில் உட்காருவோம். கண்ணாடியோடு ஒரு தடவை தீபத்தைக் கும்பிடுவாள். பிறகு கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“உங்களுக்கெல்லாம் சின்னதுதான்” என்பாள் தம்பியிடம். “எனக்குத்தான் பெரிய தீபம்.”